நட்டவர், நடப்பட்டவர், காலை வாரியவர்

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி மேலே ஏறும் சாலையில் 'பிளாண்டேஷன்' என்ற சொல்லைப் பலகைகளில் பார்க்கலாம், தேயிலைப் பொட்டலங்களில் பார்க்கலாம். அங்கே பிறந்து வளர்ந்த தமிழர்களின் பேச்சில் அந்தச் சொல் பெரும்பாலும் வராது. "நீங்க எந்தத் தோட்டம்?" என்றுதான் கேட்பார்கள். தமிழ்நாட்டில் ஒரு கிணறும் நாலு வாழையும் இருந்தால் அது தோட்டம். மலேசியாவில் அந்தச் சொல்லுக்குள் ஒரு மலையே இருக்கும். தொழிற்சாலை, லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, சுடுகாடு எல்லாம் இருக்கும்.

நாம் பேசாத அந்த ஆங்கிலச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன். அதன் குடும்பத்துக்குள், நாம் இன்னும் தீர்க்காத ஒரு வழக்கு இருக்கிறது.

லத்தீன் மொழியில் 'பிளாண்டா' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, மண்ணில் ஊன்றும் தளிர் அல்லது கிளைத்துண்டு. இன்னொன்று, உள்ளங்கால். இரண்டும் எப்படி ஒரே சொல்லில் சேர்ந்தன? கிளையை மண்ணில் செருகிய பிறகு சுற்றி உள்ள மண்ணை உள்ளங்காலால் மிதித்து இறுக்குவார்கள், அதிலிருந்துதான் நடுதல் என்ற பொருள் வந்திருக்க வேண்டும் என்பது சொல்லாய்வாளர்கள் பலர் தரும் விளக்கம். பாதநோய் மருத்துவத்தில் இன்றும் உள்ளங்காலைச் சேர்ந்தவற்றை 'பிளாண்டர்' என்ற அடைமொழியோடுதான் சொல்கிறார்கள். குதிகால் வலிக்கு மருத்துவரிடம் போனவர்களுக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கும்.

இந்த உள்ளங்காலிலிருந்து கிளைத்தவைதான் பிளாண்ட், பிளாண்டேஷன், பிடுங்கி வேறிடத்தில் நடும் ட்ரான்ஸ்பிளாண்ட், உள்ளே பதிக்கும் இம்பிளாண்ட். இலைகளைத் தரையோடு தட்டையாகப் பாதம்போல் விரிக்கும் பிளாண்டெய்ன் என்ற களைச்செடியும் இதே குடும்பம். (நம் வாழைக்காயைக் குறிக்கும் பிளாண்டெய்ன் வேறு வழியாக, ஸ்பானிய மொழியிலிருந்து வந்தது. ஒலியில் மட்டும் ஒட்டிக்கொண்ட உறவு.) இன்னும் இரண்டு பேர் உண்டு. அவர்களை இந்தக் குடும்பத்தில் சட்டென்று அடையாளம் தெரியாது.

ஒருவர் 'கிளான்', அதாவது குலம். பழைய ஐரிஷ் மொழியில் தொடக்கத்தில் 'ப' ஒலி கிடையாது. லத்தீன் சொற்களை வாங்கியபோது அந்த இடத்தில் 'க' வைத்துக்கொண்டார்கள். தளிர் என்ற பொருளில் போன பிளாண்டா 'க்ளாண்ட்' ஆகி, பிள்ளைகள் என்றாகி, வம்சம் என்றாகி, ஸ்காட்லாந்து வழியாக ஆங்கிலத்துக்குத் திரும்பி வந்தது. நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்கிற மொழி நம்முடையது. மரஞ்செடிகளின் இளமைக்கும் பிள்ளை, குழவி, கன்று என்ற பெயர்கள் பொருந்தும் என்று தொல்காப்பிய மரபியலே இடம் கொடுக்கிறது. தாள் என்றால் பாதம், பயிரின் தண்டும் தாள்தான். அடி என்றால் கால், மரத்தின் கீழ்ப்பகுதியும் அடிதான்.

மற்றவர் 'சப்பிளாண்ட்'. இன்றைய ஆங்கிலத்தில் ஒருவரை அகற்றிவிட்டு அவர் இடத்தில் அமர்வது என்று பொருள். லத்தீனில் நேர்ப்பொருள், உள்ளங்காலுக்கு அடியில் கொடுத்துத் தடுக்கி விழவைப்பது. தமிழில் இதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம், காலை வாருதல். ஆதியாகமத்தில் அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்துக்கொண்டே பிறந்தவன் யாக்கோபு. பின்னால் அண்ணனின் மூத்த மகன் உரிமையையும் ஆசியையும் வாங்கிக்கொள்கிறான். ஏசா அழுது முறையிடும் இடத்தில் லத்தீன் விவிலியம் பயன்படுத்துவது இந்தச் சொல்லைத்தான்.

ஆக, நடுவதும், பிடுங்கி நடுவதும், காலை வாருவதும் ஒரே பாதத்தின் வேலைகள். மொழி இவற்றை ஒன்றாக வைத்தது தற்செயலாக இருக்கலாம். வரலாறு ஒன்றாக வைத்தது தற்செயல் அல்ல.

*

பிளாண்டேஷன் என்ற சொல், தேயிலை, கரும்புத் தோட்டங்களுக்கு வழங்குவதற்கு முன்பே ஆங்கிலத்தில் மனிதக் குடியேற்றத்துக்கு வழங்கியது. அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் 1609இல் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது 'அல்ஸ்டர் பிளாண்டேஷன்'. அங்கே நடப்பட்டவர்கள் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து மக்கள். பிடுங்கப்பட்டவர்கள் ஐரிஷ் மக்கள். அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் இதே பெயர்தான்.

பிரான்சிஸ் பேக்கன் 1625இல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுப்பில் இதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு நேர்மையான நிபந்தனை வைக்கிறார். யாரையும் பிடுங்கத் தேவையில்லாத வெற்று நிலத்தில்தான் மனிதர்களை நட வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு நடுதல் என்று பெயரில்லை, வேரறுத்தல் என்றுதான் பெயர் என்பது அவர் கருத்து. அதே பேக்கன்தான் அயர்லாந்துக் குடியேற்றத்தை ஆதரித்து மன்னருக்கு யோசனை எழுதிக் கொடுத்தவர். நிபந்தனையை எழுதியவருக்கே அதைக் கடைப்பிடிக்க முடியவில்லை. காரணம் எளிது, வெற்று நிலம் என்று ஒன்று எங்கும் இருக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் நியூ இங்கிலாந்துக்குப் போய் வந்த ஜான் ஜாஸ்லின், அங்குள்ள பழங்குடிகள் மேலே சொன்ன பிளாண்டெய்ன் களையை 'இங்கிலீஷ்காரன் பாதம்' என்று அழைத்ததாகக் குறித்து வைத்திருக்கிறார். வெள்ளைக்காரன் மிதித்த இடத்திலெல்லாம் அது முளைத்ததாம். அவர்களுக்கு லத்தீன் தெரியாது. ஆனால் சொல்லின் வேரைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள்.

இனி கேமரன் மலைக்கு வருவோம். 1885இல் வில்லியம் கேமரன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு குறித்தார். 1920களில் ஜார்ஜ் மாக்ஸ்வெல் முயற்சியால் இதை மலைவாசத்தலமாக ஆக்கும் திட்டம் உருவானது. 1929இல் ஜே. ஏ. ரஸல் தொடங்கிய போ நிறுவனத்தோடு பெருந்தேயிலை வந்தது. பிரிஞ்சாங்குக்கு மேலே உள்ள சுங்கை பாலாஸ் அந்த நிறுவனத்தின் தோட்டங்களில் ஒன்று. மரம் சாய்த்தது, வேர் பிடுங்கியது, சரிவில் குழி வெட்டியது, கன்று வைத்தது என்று அந்த வேலைகளில் பெரும்பங்கு தமிழர்களுடையது. கங்காணி முறையிலும், அதற்கு முன்பு 1910 வரை நடந்த சஞ்சிக்கூலி முறையிலும் மலாயாவுக்கு வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அவர்கள். 1938இல் இந்திய அரசு கூலியாட்களை அனுப்புவதற்குத் தடை போட்டது. அதன் பிறகு வரத்து நின்றது, இருந்தவர்கள் இருந்தார்கள்.

இங்கே சொல் ஒரு தந்திரம் செய்கிறது. ஆங்கிலத்தில் 'பிளாண்டர்' என்றால் யார்? ஒரு கன்றைக்கூடத் தன் கையால் நட்டிராத முதலாளி அல்லது நிர்வாகி. கன்றை நட்டு, சுற்றி மண்ணைக் காலால் மிதித்து இறுக்கியவருக்குப் பெயர் 'கூலி'. சொல்லின் வேர்ப்பொருளை எடுத்துக்கொண்டால் உள்ளங்காலில் மண் ஒட்டியவர்தான் பிளாண்டர். தமிழர்கள் அந்த மனிதரை நடுபவர் என்று மொழிபெயர்க்கவே இல்லை. 'துரை' என்றார்கள். அவர் செய்த வேலையை வைத்துப் பெயர் சொல்லவில்லை, இருந்த இடத்தை வைத்துச் சொன்னார்கள். அது சரியான மொழிபெயர்ப்பு.

*

மலேசியத் தமிழ் மேடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியம் உண்டு. அச்சில், "காட்டை அழித்து நாட்டை உருவாக்கியவர்கள் நாம்." பேச்சில், "காட்ட வெட்டி நாட்ட உருவாக்குனதே நாமதான்யா." குடியுரிமை, சம்பளம், பள்ளி, வீடு என்று எதைக் கேட்டாலும் இதில்தான் தொடங்குவோம். உண்மை இருக்கிறது, கோபம் இருக்கிறது, கோபத்துக்குக் காரணமும் இருக்கிறது. 1969 கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றானபோது, பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் பார்த்தே இராத இந்தியாவுக்கு 'திரும்பி' போனார்கள். இருந்தவர்களிலும் எத்தனையோ பேர் சிவப்பு அடையாள அட்டையோடு கிழவர்களானார்கள். அந்த நிலையில் ஒருவர், "எங்க பாட்டன் வெட்டுன காடு இது" என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்?

ஆனாலும் அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லை நின்று பார்க்க வேண்டும். காடு. அது யாருக்குக் காடு?

இந்த மலைகளில் நமக்கு முன்பு செமாய் மக்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். மலேசியத் தீபகற்பத்தின் பூர்வகுடிகளைப் பொதுவாக ஒராங் அஸ்லி என்பார்கள். 'அஸ்லி' மலாய் மொழிக்கு அரபியிலிருந்து வந்த சொல். அரபியில் 'அஸ்ல்' என்றால் வேர். வேர் மனிதர்கள் என்று அரசாங்கமே பெயர் வைத்திருக்கிறது. அவர்கள் ஓரிடத்தில் காட்டை எரித்துப் பயிர் வைத்து, சில ஆண்டுகளில் நகர்ந்து, மண் தேறியபின் திரும்பி வருபவர்கள். பழமரங்களைத் தலைமுறை தலைமுறையாக அடையாளம் வைத்துக் காப்பவர்கள். அவர்களும் நட்டவர்கள்தான். அவர்கள் நட்டது காடுபோல் இருந்தது, அவ்வளவுதான். வரிசையாக நட்டால்தான் நட்டதாகத் தெரியும் கண்ணுக்கு அது காடு.

அந்தக் கண்ணுக்கு ஒரு தத்துவமும் உண்டு. ஜான் லாக் 1689இல் வெளிவந்த ஆட்சியியல் நூலில், ஒருவன் தன் உழைப்பை நிலத்தோடு கலந்தால் அந்த நிலம் அவனுடையதாகிறது என்று வாதிட்டார். கேட்பதற்குத் தொழிலாளியின் கட்சி மாதிரி இருக்கும். ஆனால் அதன் மறுபக்கம், உழாத, வேலியிடாத நிலம் வீண் நிலம் என்பது. அமெரிக்கப் பழங்குடிகளின் நிலத்தைத்தான் அவர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். லாக் சிலகாலம் செயலாளராக இருந்த ஆங்கில அரசு மன்றத்தின் பெயரிலேயே 'வணிகமும் பிளாண்டேஷன்களும்' இருந்தன.

"காட்டை அழித்து நாட்டை உருவாக்கினோம்" என்று சொல்லும்போது நாம் அறியாமலே லாக்கின் வாதத்தைப் பேசுகிறோம். துரை எந்த வாதத்தால் மலையை எடுத்தாரோ அதே வாதத்தால் நம் பங்கைக் கேட்கிறோம். நடப்பட்டவர் காலை வாரியவரின் மொழியில் பேசுகிறார். எனக்கு உறுத்துவது இதுதான்.

சட்டமும் இதே மொழியைப் பேசியிருக்கிறது. 1954ஆம் ஆண்டின் பூர்வகுடிகள் சட்டத்தின்படி, அவர்கள் இருக்கும் அரசு நிலம் வேறொருவருக்குப் போனால் அதில் உள்ள பழமரத்துக்கோ ரப்பர் மரத்துக்கோ இழப்பீடு உண்டு. மரத்துக்கு விலை இருந்தது, மரம் நின்ற மண்ணுக்கு இல்லை. சிலாங்கூரில் விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக நிலம் எடுக்கப்பட்ட தெமுவான் மக்கள் வழக்குப் போட்டார்கள். அது சாகோங் தாசி வழக்கு. அவர்களுக்கு மண்ணிலும் உரிமை உண்டு என்று உயர்நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நட்டது மட்டும் உரிமை அல்ல, இருந்ததும் உரிமைதான் என்று நாட்டின் நீதிமன்றம் சொல்வதற்கு அவ்வளவு காலம் ஆனது.

*

அப்படியானால் நமக்கு உரிமை இல்லையா? வேர் உள்ளவருக்கே நிலம் என்றால், நடப்பட்டவர் எத்தனை தலைமுறை இருந்தாலும் விருந்தாளிதானே?

இந்த வேர்க்கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்று நமக்கு நன்றாகத் தெரியும். இலங்கை மலையகத்தில் 1948 குடியுரிமைச் சட்டம் அந்தக் கணக்கைத்தான் போட்டது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். நாற்றுக்கட்டு பிரிப்பதுபோல. போனவர்களில் பலரைத் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட்டுக் குடியமர்த்தியது. கூடலூர்ப் பக்கம் அது பணியர்களும் குறும்பர்களும் இருந்த மலை. பிடுங்கி நட்டவர்களை மறுபடி பிடுங்கி, இன்னொரு பழங்குடியின் மண்ணில் நட்டார்கள். இதில் தொழிலாளி யாருடைய காலை வாரினார்? அவர் கால் எங்கே வைக்கப்படும் என்பதையே அவர் முடிவு செய்யவில்லை.

ஆகவே வேர்க்கணக்கும் உதவாது, உழைப்புக்கணக்கை மட்டும் வைத்துக்கொண்டாலும் உதவாது. முதலாவது நடப்பட்டவரை என்றைக்கும் அந்நியராக்குகிறது. இரண்டாவது முன்பிருந்தவரை இல்லாதவராக்குகிறது.

எனக்குத் தோன்றும் வழி ஒன்று உண்டு. உரிமைக்கு ஒரு முகவரி இருக்கிறது. "நாங்கள் உழைத்தோம்" என்பது உண்மையான கோரிக்கை. ஆனால் அது யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது? அந்த உழைப்பால் லாபம் அடைந்தவரைப் பார்த்து, வரி வாங்கிய அரசைப் பார்த்துச் சொல்லும்போது அதில் ஒரு எழுத்தைக்கூட யாரும் மறுக்க முடியாது. ஓய்வு பெற்ற நாளில் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டிய தொழிலாளிக்குச் சொந்த வீடு கேட்பது, சிவப்பு அட்டைக்காரருக்குக் குடியுரிமை கேட்பது எல்லாம் இந்த முகவரிக்குப் போகிற கடிதங்கள். அதே வாக்கியத்தைச் செமாய்க்காரரைப் பார்த்துத் திருப்பினால், அந்த நொடியே அது துரையின் வாக்கியமாகிவிடுகிறது. அவர் நமக்குக் கடன்பட்டவர் அல்ல. அவர் காட்டை நாடாக்கித் தரும்படி நம்மிடம் கேட்கவில்லை.

முகவரி மாறுவது அந்தப் பக்கம் மட்டும் நடப்பதல்ல. இன்று கேமரன் மலையில் கொழுந்து எடுப்பவர்களிலும் காய்கறித் தோட்டங்களில் வேலை செய்பவர்களிலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் ஏராளம். "வங்காளதேசிங்க வந்து நம்ம வேலைய புடிச்சிக்கிட்டாங்கண்ணே" என்று பிரிஞ்சாங் கடைகளில் கேட்கலாம். காலை வாரிவிட்டார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. ஆனால் கடன் வாங்கி, முகவருக்குக் கட்டி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு வந்தவர் அவர். நம் பாட்டன் சஞ்சியில் வந்ததற்கும் இதற்கும் கப்பலுக்குப் பதில் விமானம் என்பதுதான் பெரிய வித்தியாசம். சம்பளத்தை உயர்த்தாமல் ஆளை மாற்றலாம் என்று முடிவு செய்தவர் வேறொருவர். அவர் கால் எங்குமே மண்ணில் படவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு வரலாம். "ரொம்ப வசதியான கணக்கு சார் இது. தப்பையெல்லாம் துரை தலையில கட்டிட்டு நாம கைய கழுவிக்கிறோம்." நியாயமான மறுப்பு. நாம் எடுக்கவில்லை என்றாலும் எடுத்த இடத்தில்தான் நிற்கிறோம். நம் கோயிலும் பள்ளியும் அங்கேதான் நிற்கின்றன. முடிவு நம்முடையது இல்லாமல் இருக்கலாம், உள்ளங்கால் நம்முடையது. அதனால் வரும் கடமை நிலத்தைத் திருப்பித் தருவது அல்ல, அது நம்மிடம் இல்லை. நடந்ததை மறுக்காமல் இருப்பதும், முன்பிருந்தவர் எழுந்து நிற்கும்போது அதைக் காலை வாருவதாக நினைக்காமல் இருப்பதும்தான் அந்தக் கடமை.

2019 சனவரியில் இதற்கு ஒரு சோதனை வந்தது. 2004இல் உருவான கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் 2018 வரை நான்கு பொதுத்தேர்தல்களிலும் ம.இ.கா. வேட்பாளர்களே வென்றிருந்தார்கள். 2018 முடிவை நீதிமன்றம் செல்லாதென்று அறிவித்தது. இடைத்தேர்தலில் தேசிய முன்னணி ரம்லி முகமட் நோரை நிறுத்தியது. அவர் ஒராங் அஸ்லி. வென்று, மலேசிய மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஒராங் அஸ்லி ஆனார். கூட்டணியின் ஓட்டுக்கணக்கு அதில் இருந்தது, அதை மறைக்க வேண்டாம். "நம்ம சீட்டு போச்சு" என்ற வருத்தமும் புரிகிறது. நாடாளுமன்றத்தில் நமக்கு இருப்பதே கொஞ்சம் குரல். ஆனால் சுதந்திரம் அடைந்து 61 ஆண்டுகள் அந்த அவைக்கு ஒருவரைக்கூட அனுப்ப முடியாதிருந்த மக்கள், தங்கள் மலையின் தொகுதியிலிருந்து ஒருவரை அனுப்பியதற்கு சப்பிளாண்ட் என்று பெயர் வைக்க முடியுமா? ஏசா தன் இடத்துக்குத் திரும்பி வந்தால் அதை யாக்கோபு பறிப்பென்று சொல்வதா?

*

பிடுங்கி நடுவது எப்போதும் சோகம் என்று தமிழ் சொல்வதில்லை. நாற்றங்காலிலேயே விட்ட நாற்று நெருக்கத்தில் நலிந்துபோகும், பிடுங்கி நட்டதுதான் தூர் கட்டும். இன்று பல தோட்டங்களில் புதிதாக வைக்கும் தேயிலை, விதையிலிருந்து வருவதில்லை. ஓர் இலையோடு வெட்டிய சிறு தண்டை ஊன்றி வளர்ப்பது, அசல் லத்தீன் பிளாண்டா. அந்தச் செடிக்கு ஆணிவேர் கிடையாது. பக்கவேர்களிலேயே பல பத்தாண்டுகள் நின்று கொழுந்து தரும். ஆணிவேர் இல்லாதவருக்கும் ஓரிடத்தில் நிற்க முடியும். அதற்காகப் பக்கத்தில் இருப்பவருக்கு வேரே இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை.

தோட்டத்துக் கோயில்களின் கும்பாபிஷேக மலர்களையும் பள்ளிகளின் ஆண்டு மலர்களையும் புரட்டுபவர்களுக்குத் தெரியும். தோட்டத்தின் வரலாறு பெரும்பாலும் அடர்ந்த காட்டில், புலியிலும் மலேரியாவிலும் தொடங்கும், உடனே நாம் வந்துவிடுவோம். அந்தக் காட்டுக்கும் நம் வருகைக்கும் நடுவில் ஒரு வரி சேர்க்கலாம். இங்கே இன்ன மக்கள் இருந்தார்கள், அவர்களைக் கேட்காமல் இந்த மலை கொடுக்கப்பட்டது, பிறகு நம்மவர்களை வேலைக்குக் கொண்டுவந்தார்கள் என்று. அதனால் நம் பாட்டன் வெட்டிய குழி ஒன்றுகூடக் குறையாது. அடுத்த பக்கத்தில் நாம் கேட்கும் வீட்டுக்கும் குடியுரிமைக்கும் அந்த வரி பலம்தான் சேர்க்கும்.